அடித்தளத்தின் வடிவமும் உப்பின் நகர்வும்

படிவுப் படுகைகளின் ஆழத்தில் புதைந்துள்ள பாறை உப்பு, கையில் எடுத்தால் கெட்டியான கல். இலட்சக்கணக்கான ஆண்டுகளை அளவாகக் கொண்டால் அது ஒரு பாகு. மேலே மணலும் களியும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகச் சேரச் சேர, உப்பு பக்கவாட்டில் நகர்கிறது. ஓரிடத்தில் வற்றி இன்னோரிடத்தில் திரள்கிறது. திரண்ட இடத்தில் மேல் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் எழுகிறது. இந்த நகர்வுக்கான காரணம் நூறாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. அதில் பெரும்பகுதி உப்புக்கு மேலே இருப்பவற்றைப் பற்றியது. உப்புக்குக் கீழே உள்ள தளத்தின் சரிவும் படிகளும் மேடுபள்ளங்களும் நகர்வை எவ்வளவு ஆழமாகத் தீர்மானிக்கின்றன என்பது கடந்த முப்பது ஆண்டுகளில்தான் தெளிவாகியுள்ளது.

அடித்தளம் என்ற சொல் இங்கே உப்பின் கீழ்ப்பரப்பையும் அதைத் தாங்கும் பாறைத் தொகுதியையும் குறிக்கிறது. சில படுகைகளில் அது கிரானைட், நைஸ் போன்ற படிகப் பாறை. சிலவற்றில் உப்புக்கு முன்பே படிந்து இறுகிய பழைய படிவுப் பாறை. உப்போடு ஒப்பிட்டால் இரண்டுமே மிக வலியவை. அவற்றின் வடிவம் உப்பை நான்கு வழிகளில் ஆள்கிறது: எங்கே எவ்வளவு உப்பு படியும், எந்தத் திசையில் அது ஓடும், எந்த வேகத்தில் கடந்து செல்லும், எங்கே தடுக்கப்பட்டு நிற்கும். இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்றும் சேர்கிறது. உப்பின் மேல் உள்ள அடுக்குகள் அடித்தளத்தைக் கடந்து நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு மேடோ படியோ உண்டாக்கிய சிதைவு, காலப்போக்கில் அந்த மேட்டையோ படியையோ விட்டு விலகிப் போய்விடும்.

உப்பின் இயல்பு

பாறை உப்பின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,160 கிலோகிராம். புதைந்த ஆழம் எதுவாயினும் இது பெரிதாக மாறுவதில்லை. உப்பில் நுண்துளைகள் மிகக் குறைவு என்பதால் அழுத்தம் அதை மேலும் இறுக்குவதில்லை. களியும் மணலும் அப்படியல்ல. படியும்போது உப்பைவிட இலேசாக இருந்து, புதையப் புதைய நீரை இழந்து இறுகிக் கனக்கின்றன. உப்பின் மேல் சேர்ந்த படிவின், அதாவது மேற்படிவின், சராசரி அடர்த்தி உப்பை விஞ்ச வேண்டுமானால், பெரும்பாலான களி, மணல் படுகைகளில் அதன் தடிப்பு 2 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டியிருக்கும்.

உப்பின் இன்னொரு இயல்பு அதன் மென்மை. படிகங்களுக்குள் அணு வரிசைகள் வழுக்குவதாலும், படிக எல்லைகளில் உள்ள ஈரத்தில் உப்பு கரைந்து வேறிடத்தில் மீண்டும் படிவதாலும், மிகச் சிறிய விசைக்கும் அது வளைந்து கொடுக்கிறது. அதன் பாகுநிலை பொதுவாக 10^17 முதல் 10^20 பாஸ்கல் வினாடி வரை எனக் கணிக்கப்படுகிறது. சுற்றியுள்ள பாறைகள் முறியும் அல்லது மடியும் வேளையில் உப்பு ஓடுகிறது. ஒரு டிகிரிக்கும் குறைந்த சரிவில்கூட, பல கிலோமீட்டர் தடித்த மேற்படிவைச் சுமந்துகொண்டு அதனால் வழுக்கிச் செல்ல முடியும்.

கருத்து வளர்ந்த வரலாறு

மேல் அடுக்குகளைத் துளைத்து எழும் உப்புத் தூண்களுக்கு டயாபிர் என்ற பெயரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருமேனிய நிலவியலாளர் லுடோவிக் மிராசெக் வழங்கினார். இலேசான உப்பு, கனத்த பாறைக்குள் மிதப்பு விசையால் எழுகிறது என்ற விளக்கத்தை 1912இல் சுவாந்தே அரேனியஸ் முன்வைத்தார். 1901 ஜனவரியில் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப் உப்புக் குவிமாடத்தில் பீறிட்ட எண்ணெய், உப்பு பற்றிய ஆய்வைப் பெருந்தொழிலின் அக்கறையாக மாற்றியிருந்தது. 1934இல் எல். எல். நெட்டில்டன், ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த இரு பாகுகளைக் கொண்டு மிதப்பு விளக்கத்தைச் சோதனையாகக் காட்டினார். வட ஜெர்மனியின் உப்புக் கட்டமைப்புகளை ஆராய்ந்த ஃபெர்டினாண்ட் டிரஸ்ஹைம், உப்பு தன் எடை வேறுபாட்டாலேயே தலையணை வடிவில் திரண்டு, பிறகு தூணாகவோ சுவராகவோ எழுகிறது என்ற வளர்ச்சிப் படிநிலையை 1960இல் விரிவாக எழுதினார்.

மிதப்புக் கொள்கையில் ஒரு குறை இருந்தது. அது மேற்படிவையும் பாகாகவே கருதியது. உண்மையில் மேற்படிவு உடையும் பாறை. அதற்கு வலிமை உண்டு. தடித்த மேற்படிவை உப்பு தன் மிதப்பால் மட்டும் பிளந்துவிட முடியாது. 1992இல் புரூனோ வாண்டவில், மார்ட்டின் ஜாக்சன் ஆகியோர், மேற்படிவு இழுபட்டு மெலியும்போதே உப்பு எழ வழி கிடைக்கிறது எனவும், இழுப்பு தொடர்ந்து உப்பு வரத்து குறைந்தால் எழுந்த தூண் மீண்டும் சரிகிறது எனவும் சோதனை மாதிரிகளால் காட்டினர். அதன்பின் உப்பின் நகர்வு மேற்படிவின் இழுபடல், சுருங்கல், சுமை வேறுபாடு ஆகியவற்றோடு இணைத்துப் பார்க்கப்பட்டது. கண்ட விளிம்புகளுக்கு ஓர் எளிய சித்திரமும் நிலைபெற்றது: கரைப்பக்கம் இழுபடும் பகுதி, நடுவே சிதைவின்றி நகரும் பகுதி, ஆழ்கடல் பக்கம் சுருங்கி மடியும் பகுதி. இந்தச் சித்திரம் சமமான அடித்தளத்தை எடுத்துக்கொண்டது. படுகைகளின் உண்மையான அடித்தளம் சமமாக இருப்பது அரிது.

படிவின்போதே தொடங்கும் ஆதிக்கம்

ஒரு கிலோமீட்டர் ஆழக் கடல்நீர் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 13 மீட்டர் பாறை உப்பு மிஞ்சும். ஆகவே கிலோமீட்டர் தடிப்புள்ள உப்பு படிய, அடைபட்ட தாழ்நிலத்துக்குள் கடல்நீர் தொடர்ந்து வந்து ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தகைய தாழ்நிலங்களைப் பெரும்பாலும் கண்டங்கள் பிளக்கும்போது உண்டாகும் பிளவுப் பள்ளங்களே தருகின்றன. உப்பு படியும் வேகம் அடித்தளம் தாழும் வேகத்தைவிட மிக அதிகம். மத்தியதரைக் கடலில் 59.7 இலட்சம் முதல் 53.3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், அக்கடல் அடைபட்டு உப்பு படிந்த மெசினியன் நிகழ்வின்போது, லெவான்ட் படுகையில் 2 கிலோமீட்டர் வரை தடித்த ஆவியாதல் படிவு சேர்ந்தது. ஏற்கெனவே இருக்கும் மேடுபள்ளங்களை உப்பு இவ்வாறு விரைந்து நிரப்பி, மேற்பரப்பைச் சமமாக்கிவிடுகிறது.

இதன் விளைவாக, தொடக்க உப்பின் தடிப்பு அடித்தள வடிவின் நேர் எதிரான அச்சாக அமைகிறது. பள்ளத்தில் தடித்த உப்பு, மேட்டில் மெல்லிய உப்பு, மிக உயர்ந்த மேட்டில் உப்பே இல்லை. தடிப்பு மட்டுமன்றி உப்பின் கலவையும் வேறுபடுகிறது. ஐரோப்பாவின் செக்ஸ்டைன் படுகையில் மேடான விளிம்புகளில் சுண்ணாம்பும் அன்ஹைட்ரைட்டும் மிகுந்திருக்க, ஆழமான நடுப்பகுதிகளில் பாறை உப்பும் பொட்டாசிய உப்புகளும் திரண்டன. கால்சியம் சல்பேட்டாலான அன்ஹைட்ரைட், பாறை உப்பைவிடக் கனமானது, எளிதில் ஓடாதது. எனவே ஓடக்கூடிய உப்பு எங்கே உள்ளது என்ற வரைபடம், நகர்வு தொடங்கும் முன்பே அடித்தளத்தால் வரையப்பட்டுவிடுகிறது.

உப்பு எப்போது படிந்தது என்பதும் இதோடு சேர்ந்தது. பிளவு தொடங்கும் முன்பே படிந்த உப்பு, ஏறக்குறைய சீரான தடிப்போடு இருந்து பின்னர் அடித்தளப் பிளவுகளால் துண்டாடப்படுகிறது. பிளவு நடக்கும்போதே படிந்த உப்பு, பிளவுத் துண்டுக்குத் துண்டு தடிப்பு மாறிக் கிடக்கிறது. பிளவின் இறுதிக் கட்டத்தில் படிந்த உப்பு பரந்து விரிந்து, அடியில் உள்ள பழைய பள்ளங்களை மூடிக்கொள்கிறது. கண்ட விளிம்புகளின் உப்புப் படுகைகளை இந்த அடிப்படையில் வகைப்படுத்தும் முறையை மார்க் ரோவன் 2014இல் விரிவாக வகுத்தார்.

சரிவும் ஓட்டத்தின் திசையும்

நிலத்தடி நீரைப் போலவே உப்பின் ஓட்டத்தையும் இரண்டு கூறுகளின் கூட்டுத்தொகை தீர்மானிக்கிறது: அந்த இடத்தின் உயரம், அங்கே மேற்படிவு தரும் அழுத்தம். கூட்டுத்தொகை மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு உப்பு ஓடும். சமமான அடித்தளத்தின் மேல் சீரான தடிப்புள்ள உப்பும், அதன் மேல் சீரான மேற்படிவும் இருந்தால், எவ்வளவு ஆழத்தில் புதைந்தாலும் உப்பு நகராது.

அடித்தளம் சரிந்திருந்து, மேற்படிவின் தடிப்பு எங்கும் ஒன்றாக இருந்தால், உயர வேறுபாடே ஓட்டத்தை இயக்கும். உப்பும் அதன் மேலுள்ளவையும் சரிவின் கீழ்நோக்கிச் செல்லும். ஆனால் அதே சரிவின் மேல் படிவுகள் நிரம்பி மேற்பரப்பு சமமாகிவிட்டால் நிலைமை மாறுகிறது. தாழ்ந்த பக்கத்தில் மேற்படிவு தடிப்பாக இருக்கும். அதன் சராசரி அடர்த்தி உப்பைவிட மிகுந்தால், தாழ்ந்த பக்கத்தில் அழுத்தம் ஓங்கி, உப்பு சரிவின் மேல்நோக்கி ஏறும். ஒரே அடித்தளச் சரிவு, மேலே நிரம்பிய படிவின் அளவையும் அடர்த்தியையும் பொறுத்து எதிரெதிர்த் திசை ஓட்டங்களைத் தரக்கூடும். அடித்தளத்தைத் தனியாகப் பார்த்து உப்பின் திசையைச் சொல்லிவிட முடியாது. படிவு சேர்ந்த வரலாற்றோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

விளிம்பின் வளைவும் முக்கியம். பீட்டர் கோபோல்டும் பீட்டர் சாட்மாரியும் 1991இல் விளக்கியபடி, கடலை நோக்கிப் புடைத்த கரையிலிருந்து உப்பு விசிறி போல் விரிந்து ஓடுகிறது; மேலுள்ள அடுக்குகள் கரைக்கு இணையான திசையிலும் இழுபடுகின்றன. உட்குழிந்த கரையிலிருந்து ஓடும் உப்பு நடுவை நோக்கிக் குவிகிறது. அடுக்குகள் பக்கவாட்டிலும் நெருக்கப்படுகின்றன.

படியைக் கடக்கும் உப்பு

அடித்தளம் ஒரே சீராகச் சரிவதில்லை. பிளவுத் துண்டுகளின் விளிம்புகள் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரப் படிகளாக நிற்கின்றன. ஒவ்வொரு படியும் உப்பின் தடிப்பை மாற்றுகிறது. தடிப்பு மாறினால் ஒரு நேரத்தில் கடந்து செல்லக்கூடிய உப்பின் அளவும் மாறுகிறது.

இந்த மாற்றம் எவ்வளவு கடுமையானது என்பதைப் பாகு இயக்கவியல் காட்டுகிறது. அழுத்த வேறுபாட்டால் இரு தளங்களுக்கிடையே பிதுக்கப்படும் உப்பின் ஓட்டம் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப அமைகிறது. 2 கிலோமீட்டர் தடித்த உப்பு ஒரு மேட்டின் மேல் 1 கிலோமீட்டராக மெலிந்தால், அதே அழுத்த வேறுபாட்டில் அங்கே கடக்கும் உப்பு எட்டில் ஒரு பங்குதான். மேற்படிவு நகர்ந்து தன் அடியிலுள்ள உப்பை இழுத்துச் செல்லும் வகை ஓட்டத்திலோ, அளவு தடிப்புக்கு நேர்விகிதத்தில் குறைகிறது, அதாவது பாதியாகிறது. இயற்கையில் இரு வகையும் கலந்தே நிகழ்கின்றன. எந்தக் கலவையானாலும், மேட்டின் முன்புறம் வந்து சேரும் உப்புக்கும் மேட்டைக் கடக்கும் உப்புக்கும் இடையே பொருத்தமின்மை தவிர்க்க முடியாதது.

அந்தப் பொருத்தமின்மைதான் சிதைவுகளைப் பிறப்பிக்கிறது. உப்பு தடிப்பான பகுதியிலிருந்து மெல்லிய பகுதிக்குள் நுழையும் இடத்தில், குறுகிய மதகின் முன் வாய்க்கால் நீர் ஏறி நிற்பது போல, உப்பு தேங்கிப் புடைக்கிறது. மேலுள்ள அடுக்குகள் நெருக்கப்பட்டு மடிகின்றன. மேட்டின் மேல் கீழ்த்தளத்தின் இழுவை மிகுந்து நகர்வு தளர்கிறது. மேட்டைக் கடந்து மீண்டும் ஆழமான பகுதிக்குள் இறங்கும்போது உப்பு வேகமெடுக்கிறது. படியின் மேல் விளிம்பில் அடுக்குகள் வளைந்து இழுபட்டுப் பிளக்கின்றன. அப்பிளவுகள் டயாபிர்கள் எழும் வாயில்களாகின்றன. படியின் அடிவாரத்தில் அதே அடுக்குகள் எதிர்த்திசையில் வளைந்து நெருக்கப்படுகின்றன.

உப்புக்குக் கீழுள்ள படிகள் மேற்படிவின் துண்டாடலை எப்படி வழிநடத்துகின்றன என்பதை விர்ஜினி கோலியே முதலியோர் 1993இலேயே மாதிரிகளில் காட்டியிருந்தனர். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு நிலஇயக்க ஆய்வகத்தில் டிம் டூலி, மைக்கேல் ஹுடெக் முதலியோர் 2017, 2018 ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைத் தொடர் இதை முறையாக ஆராய்ந்தது. உப்புக்குப் பதிலாக சிலிக்கோன் பாகும், பாறைக்குப் பதிலாக உலர்ந்த மணலும் கொண்ட மாதிரிகளில், ஓட்டத்துக்குச் செங்குத்தாகவும் சாய்வாகவும் படிகளை அமைத்து அவர்கள் பார்த்தனர். நடுவே சிதைவின்றி நகரும் பகுதி எனப் பழைய சித்திரம் ஒதுக்கியிருந்த இடத்திலேயே இழுபடலும் சுருங்கலும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. படி சாய்வாக இருந்தபோது ஓட்டம் திசை திரும்பியது. மேலுள்ள துண்டுகளும் அதோடு சுழன்றன.

ஒரே அடுக்கு ஒரு படியில் இழுபட்டு, அதன் அடிவாரத்தில் நெருக்கப்பட்டு, அடுத்த மேட்டில் தேங்கி, அதன் மறுபுறம் மீண்டும் இழுபடலாம். பிளவாகப் பிறந்தது பின்னர் மடிப்பின் உட்பகுதியாகிறது. நெருக்கத்தில் எழுந்த உப்புத் திரட்சி பின்னர் சரிகிறது. ஒரு கட்டமைப்பின் இன்றைய உருவம் அது கடந்து வந்த அடித்தளப் பாதை முழுவதன் தொகுப்பு.

சிறுபடுகைகளின் தரைதட்டல்

உப்பின் மேல் படிவு சேரும் குழிகள் தம் எடையால் உப்புக்குள் அமிழ்ந்து சிறுபடுகைகளாகின்றன. அடியிலிருந்த உப்பு முழுவதும் பிதுங்கி வெளியேறியதும், சிறுபடுகையின் அடிப்பகுதி அடித்தளத்தைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டுத்தளம் எங்கே முதலில் உருவாகும் என்பதை அடித்தள வடிவம் நிர்ணயிக்கிறது. மேட்டின் மேல் உப்பு மெலிந்திருப்பதால் அங்கே சிறுபடுகை விரைவில் தரைதட்டுகிறது. பள்ளத்தின் மேல் உள்ளது தொடர்ந்து அமிழ்கிறது.

சரிவில் உப்போடு சேர்ந்து நகரும் சிறுபடுகை, வழியில் ஒரு மேட்டில் தட்டினால் நின்றுவிடும். பின்னால் வருபவை அதன் மேல் மோதுகின்றன. முன்னால் செல்பவை பிரிந்து விலகுகின்றன. தட்டிய முனையைச் சுற்றிச் சிறுபடுகை சுழலவும் கூடும். மெக்சிகோ வளைகுடாவின் சிக்ஸ்பி உப்பு விதானத்தின் மேல் இவ்வாறு தடைபட்ட சிறுபடுகைகளை ஆலிவர் டஃபி முதலியோர் 2020இல் விவரித்தனர். அங்கே மேடு பள்ளங்களைத் தருவது படிகப் பாறையன்று. ஜுராசிக் காலத்து லுவான் உப்பு மேலெழுந்து இளைய படிவுகளின் மேல் பரவியபோது அமைந்த விதானத்தின் கீழ்ப்பரப்பு. உப்பின் கீழ்த்தளம் எதனால் ஆனதாயினும் விதி ஒன்றே என்பதற்கு இது நல்ல சான்று.

அடித்தளமே அசையும்போது

இதுவரை சொன்னவை அசையாத அடித்தளத்துக்கு உரியவை. உப்பு படிந்த பின்னும் அடித்தளப் பிளவுகள் தொடர்ந்து இயங்கினால் வேறொரு சிக்கல் எழுகிறது: கீழே நடக்கும் பெயர்ச்சி மேலே எவ்வளவு தெரியும்? விடை முதன்மையாக உப்பின் தடிப்புக்கும் பிளவின் பெயர்ச்சிக்கும் உள்ள விகிதத்தைச் சார்ந்தது. பெயர்ச்சியைவிட உப்பு மிகத் தடிப்பாக இருந்தால், அது ஓடி இடைவெளியை நிரப்பிவிடும். மேல் அடுக்குகள் மெல்ல வளைவதோடு நிற்கும். உப்பு மெல்லியதாக இருந்தால் பிளவு நேரே மேலேறும். உப்பின் பாகுநிலை, மேற்படிவின் வலிமையும் தடிப்பும், பிளவு நகரும் வேகம் ஆகியவையும் இதில் பங்கேற்கின்றன.

ஏறத்தாழ 25.5 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த செக்ஸ்டைன் உப்பை அடியில் கொண்ட வட கடல், இதற்கான ஆய்வுக்களம். அங்கே உப்பு தடித்த பகுதிகளில், கீழேயுள்ள பிளவுகளும் மேலேயுள்ள பிளவுகளும் ஒன்றோடொன்று நேரே இணையாமல் விலகி அமைந்துள்ளன. மேலே வளைந்த அடுக்குகள் இழுபட்டுப் பிளக்கும் இடம், கீழேயுள்ள பிளவின் நேர் மேலே இராமல் உயர்ந்த பக்கத்துக்குத் தள்ளி இருக்கலாம். உப்பு வற்றி மெலிந்த பகுதிகளில் இணைப்பு மீண்டும் உண்டாகிறது. எனவே ஒரே பிளவின் தாக்கம்கூட உப்பின் வரலாற்றோடு மாறிக்கொண்டே வருகிறது.

தடுப்புச் சுவராகும் அடித்தளம்

அடித்தளப் படி உப்பைத் தடுத்து மேலெழச் செய்ததற்கு அமெரிக்காவின் யூட்டா, கொலராடோ மாநிலங்களில் பரவியுள்ள பாரடாக்ஸ் படுகை தெளிவான சான்று. பென்சில்வேனியன் காலத்தில் படிந்த உப்பின் மேல், வடகிழக்கே எழுந்த அன்கம்பாக்ரி உயர்நிலத்திலிருந்து அரித்து வந்த கட்லர் படிவுகள் குவிந்தன. சுமை வடகிழக்கில் மிகுந்ததால் உப்பு தென்மேற்கே பிதுக்கப்பட்டது. போகும் வழியில் வடமேற்கு–தென்கிழக்காக ஓடிய அடித்தளப் பிளவுகளின் படிகள் குறுக்கே நின்றன. படிகளில் தடுக்கப்பட்ட உப்பு வரிசை வரிசையான சுவர்களாக எழுந்தது. சில 4 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்தன. மோவாப், காசில், பாரடாக்ஸ் பள்ளத்தாக்குகள் அச்சுவர்களின் உச்சியிலிருந்த உப்பு பின்னாளில் கரைந்து சரிந்ததால் உண்டானவை. பாறை வளைவுகளுக்குப் பேர்பெற்ற ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவும் இத்தகைய ஓர் உப்புச் சுவரின் மேல் அமைந்ததே. அங்கே நிலத்தின் மேல் தெரியும் மலை, பள்ளத்தாக்குகளின் திசை, பல கிலோமீட்டர் கீழே புதைந்த பிளவுகளின் திசை.

கிழக்கு மத்தியதரைக் கடலில் எராட்டோஸ்தீனஸ் கடல்மலை இதே வேலையைச் செய்கிறது. நைல் நதியின் ஆழ்கடல் விசிறி தன் எடையால் மெசினியன் உப்பின் மேல் வடக்கு நோக்கிப் பரவுகிறது. கடல்மலை வழிமறிப்பதால் அதன் முன்னே உப்பும் மேற்படிவும் நெருக்கப்படுகின்றன. இருபுறமும் தடையற்ற பகுதிகள் தொடர்ந்து முன்னேறுகின்றன. வேக வேறுபாடு உள்ள எல்லைகளில் பக்கவாட்டுப் பெயர்ச்சிகள் உண்டாகின்றன.

தென் அட்லாண்டிக்கின் இரு கரைகள்

அடித்தள வடிவின் பங்கு மிக விரிவாக ஆராயப்பட்ட களம் பிரேசில், அங்கோலா கரைகள். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரியும் தறுவாயில், ஆப்டியன் காலத்தில், 11 கோடி ஆண்டுகளுக்கும் சற்று முன், இரு கண்டங்களுக்கிடையே பெரும் உப்புப் படுகை உருவாயிற்று. தெற்கே எரிமலைப் பாறையாலான உயர்நிலங்கள் திறந்த கடலை மறித்தன. பிளவு உண்டாக்கிய மேடுபள்ளங்களை நிரப்பிய உப்பு, சாண்டோஸ் படுகையின் ஆழமான பகுதிகளில் 2 கிலோமீட்டர் அளவுக்குப் படிந்தது.

அங்கோலாவின் குவான்சா படுகையில் அடித்தள மேடுகளின் சங்கிலி ஒன்று உப்புப் பகுதியை உள், வெளி என இரண்டாக்குகிறது. அந்த மேடுகளின் கடற்பக்கச் சரிவில் மேற்படிவு இறங்கியபோது பதிவான சான்றை மார்ட்டின் ஜாக்சனும் ஹுடெக்கும் 2005இல் விளக்கினர். சரிவின் அடிவாரத்தில், அடுக்குகள் வளைவதால் ஒரு குழி நிலையாக இருக்கும். அதில் படிவு நிரம்பும். நிரம்பிய படிவு உப்போடு கடற்பக்கம் நகர்ந்து செல்லும். காலியான அதே இடத்தில் அடுத்த படிவு நிரம்பும். இப்படி ஓடு வேய்ந்தது போன்ற சாய்ந்த அடுக்குத் தொடர் உருவாகிறது. பழைய அடுக்கு சரிவிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என அளந்தால், மேற்படிவு எவ்வளவு நகர்ந்தது என்று நேரடியாகக் கணக்கிடலாம். சிதைவின்றி நகர்ந்த பகுதியின் நகர்வை அளக்க வேறு வழி அரிது. அடித்தளச் சரிவு இங்கே அளவுகோலாகவே பயன்படுகிறது. சாண்டோஸ் படுகையின் சாவ் பாவ்லோ பீடபூமிப் பகுதியில் லியோனார்டோ பிச்செல் முதலியோர் இம்முறையால் கண்டறிந்த நகர்வு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

இந்த எண்ணின் பொருள் பெரிது. இன்று ஒரு பள்ளத்தின் மேல் நிற்கும் டயாபிர், 30 கிலோமீட்டர் கரைப்பக்கம் இருந்த ஒரு படியின் விளிம்பில் பிறந்திருக்கலாம். கட்டமைப்புக்கு நேர் கீழே காரணத்தைத் தேடுவது இத்தகைய படுகைகளில் தவறான இடத்துக்கே இட்டுச் செல்லும்.

சாண்டோஸ் படுகையில் நீண்டகால விவாதம் ஒன்றும் உண்டு. உப்பு படிந்ததை அடுத்து வந்த ஆல்பியன் காலத்து அடுக்குகள் அறவே காணப்படாத ஓர் அகன்ற பட்டை அங்கே கரைக்கு இணையாக நீள்கிறது. அடுக்குகள் பிளந்து விலகியதால் இடைவெளி உண்டாயிற்று என்பது ஒரு கட்சி. கரையிலிருந்து முன்னேறிய படிவுச் சுமை உப்பைத் தள்ளி வெளியேற்றியதால் உண்டாயிற்று என்பது மறு கட்சி. இரண்டும் இடத்துக்கு இடம் வெவ்வேறு விகிதத்தில் நிகழ்ந்தன எனவும், அந்த வேறுபாட்டில் அடித்தள மேடுபள்ளங்களுக்கும் தொடக்க உப்பின் தடிப்புக்கும் பங்கு உண்டு எனவும் 2020இல் பிச்செலும் கிறிஸ்டோபர் ஜாக்சனும் வாதிட்டனர். அடித்தளத்தைக் கணக்கில் சேர்த்ததும், ஒன்றையொன்று மறுத்த இரு விளக்கங்களுக்கும் இடம் கிடைத்தது.

மலைகள் நெருக்கும் படுகைகள்

கண்டங்கள் மோதும் இடங்களிலும் இந்த உறவு தொடர்கிறது. பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியிலுள்ள உப்பு மலைத்தொடர், இந்துப்பு எனப்படும் பாறை உப்பின் தாயகம். கேவ்ரா சுரங்கம் அதில்தான் உள்ளது. அங்கே 54 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய உப்பு, போட்வார் பீடபூமியின் அடியில் வழுக்குத்தளமாக உள்ளது. இமயத்தின் நெருக்கத்தால் பீடபூமி முழுவதும் ஏறக்குறைய ஒரே பலகையாக அதன் மேல் தெற்கே 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளப்பட்டது. உப்பு மலைத்தொடரின் அடியில், வடபுறம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தாழ்ந்த ஓர் அடித்தளப் பிளவு உள்ளது. தெற்கே வழுக்கி வந்த பலகை அந்தப் படியில் முட்டி மேலேறியது. ஏறிய இடமே மலைத்தொடராயிற்று. நில அதிர்வுப் படங்களைக் கொண்டு டான் பேக்கர் முதலியோர் 1988இல் இதை விளக்கினர். மலை எங்கே எழ வேண்டும் என்பதை, அந்த மோதலுக்கு முன்பே இருந்த ஒரு பிளவு குறித்து வைத்திருந்தது.

ஈரானின் சாக்ரோஸ் மலைகளில் இதே காலகட்டத்தைச் சேர்ந்த ஹோர்முஸ் உப்பு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நிலத்தைத் துளைத்து வெளிவந்துள்ளது; சில இடங்களில் மலைச்சரிவில் உப்புப் பனியாறாகவே வழிகிறது. இவற்றில் பல, காசெரூன் போன்ற வடக்கு–தெற்குப் பிளவுகளை ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. பழைய அடித்தளப் பிளவுகள் மீண்டும் பக்கவாட்டில் நகர்ந்தபோது மேற்படிவில் திறந்த விரிசல்கள் உப்புக்கு வழியாயின. பிளவின் இருபுறமும் உப்பின் பரவலும் வேறுபடுகிறது. அதற்கேற்ப மடிப்புகளின் தோற்றமும் வேறுபடுகிறது.

காண்பதில் உள்ள இடர்

அடித்தள வடிவை அறிய நில அதிர்வு அலைகளே முதன்மையான வழி. உப்பே அந்த வழியில் பெரிய தடை. உப்பில் ஒலி அலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர், சுற்றியுள்ள படிவில் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. 3 கிலோமீட்டர் உயர உப்புத் தூணை அலை கீழே சென்று திரும்ப 1.33 வினாடி ஆகும். வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகம் தரும் படிவில் அதே ஆழத்துக்கு 2 வினாடி ஆகும். நேர அளவில் வரைந்த படத்தில், தூணின் அடியிலுள்ள தளம் 0.67 வினாடி மேலே வந்து, இல்லாத ஒரு மேடாகத் தெரியும். டயாபிர்களின் அடியில் அடித்தள மேடு இருப்பதாகப் பழைய படங்களில் தெரிந்தவற்றை இதனால் ஐயத்தோடே பார்க்க வேண்டும். ஆழ அளவுக்கு மாற்றும் கணக்கீடுகளும், முழு அலைவடிவப் பகுப்பாய்வும், கடலடியில் வைக்கும் உணரிகளும் வந்த பின்னரே நம்பத்தகுந்த அடித்தள வரைபடங்கள் கிடைத்தன. அடித்தளத்தின் பங்கு தாமதமாக உணரப்பட்டதற்கு இதுவும் காரணம்.

சோதனை மாதிரிகளுக்கும் எல்லை உண்டு. சிலிக்கோன் பாகு சீரானது. இயற்கை உப்பில் அன்ஹைட்ரைட், பொட்டாசிய உப்பு, சுண்ணாம்பு அடுக்குகள் கலந்துள்ளன. மாதிரியின் படிகள் கூர்மையானவை, அசையாதவை. உண்மையான அடித்தளம் வெப்பம் தணிந்து தாழ்கிறது, சுமையால் வளைகிறது, சில வேளை மீண்டும் உயர்கிறது. எனவே இன்றைய அடித்தளச் சரிவு, உப்பு நகர்ந்த காலத்துச் சரிவாக இருக்க வேண்டியதில்லை. அடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு காலத்திலும் அடித்தளம் இருந்த நிலையை மீட்டமைத்த பிறகே ஒப்பீடு பொருள் பெறும்.

பயன்கள்

சாண்டோஸ் படுகையில் 2006இல் கண்டறியப்பட்ட டூப்பி எண்ணெய் வயல், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உப்புக்கு அடியில், ஓர் அடித்தள மேட்டின் மேல் வளர்ந்த சுண்ணாம்புப் பாறையில் உள்ளது. மேடு அந்தப் பாறையின் இருப்பிடத்தைத் தீர்மானித்தது. உப்பு எண்ணெயைக் கசியாமல் காத்தது. உப்பு வற்றி ஒட்டுத்தளம் உண்டான இடங்களில் எண்ணெயும் வாயுவும் மேல் அடுக்குகளுக்கு ஏறிவிடுகின்றன. எங்கே காப்பு, எங்கே கசிவு என்று முன்கூட்டிச் சொல்ல உப்பின் இன்றைய தடிப்போடு அதன் நகர்வு வரலாறும் வேண்டும். உப்பு வெப்பத்தை எளிதில் கடத்துவதால், தடித்த உப்பின் அடியிலுள்ள பாறைகள் குளிர்ந்தும் மேலுள்ளவை சூடாகியும் இருக்கின்றன. எண்ணெய் முதிர்வதும் புவிவெப்ப ஆற்றலின் இருப்பும் இதைப் பொறுத்தவை. வாயுவைச் சேமிக்கும் உப்புக் குகைகளுக்கும், கதிரியக்கக் கழிவைப் புதைக்கும் உப்புப் பாறைக்கும் இடம் தேர்வதில், உப்பின் உள்ளமைப்பும் அது இன்னும் நகர்கிறதா என்பதும் அடிப்படைக் கேள்விகள்.

இவற்றுக்கெல்லாம் ஆய்வு முறை ஒன்றுதான். முதலில் அடித்தளத்தின் நம்பகமான வடிவம். அதிலிருந்து தொடக்க உப்பின் தடிப்பு. பிறகு படிவு சேர்ந்த வரிசையும் அடித்தளம் சாய்ந்த வரலாறும். இறுதியாக, மேற்படிவு நகர்ந்த தூரம். இந்தத் தூரத்தைப் பின்னோக்கிக் கழித்து, ஒவ்வொரு கட்டமைப்பையும் அது பிறந்த படிக்கோ மேட்டுக்கோ திருப்பி வைத்த பின்னரே, அடித்தளத்துக்கும் உப்புக்கும் உள்ள காரண காரியத் தொடர்பைச் சரியாகச் சொல்ல முடியும்.